வால் இல்லாத பச்சைப் புள்ளி

தம்பி,

சனிக்கிழமை காலையில் பழைய இரும்பு எடுக்கும் பெசி புரோக் லோரி வருகிறது என்று அப்பா சொல்லிவிட்டார். நீயே போன் செய்து, "எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துடுங்கப்பா, மெல்பர்னுக்கா கட்டிக்கிட்டுப் போகப் போறேன்" என்று சொன்னாயாம். அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. உன் அறையில் என்ன வைக்கலாம் என்று இப்போதே சுவரைத் தட்டிப் பார்க்கிறார். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் காலடிச் சத்தம் கேட்டால் இந்தத் தாளை வெட்டுப்பலகைக்குக் கீழே தள்ளிவிடுவேன். பாடம் நடக்கும்போது ஒளித்து எழுதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அடிக்கடி கதவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வயதில் எதற்கு இந்தப் பயம் என்று நீ கேட்பாய். படித்து முடித்தால் உனக்கே தெரியும். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் பாதியிலேயே அழுதுவிடுவேன், மிச்சம் சொல்லாமலே போய்விடும். அதனால்தான் எழுத்து. லோரி எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு போகட்டும். அந்த வெள்ளி நிற வீடியோ டெக் மட்டும் போகக் கூடாது. அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய ஓர் ஆள் இருக்கிறாள். அங்கே என்னைக் கூட்டிப்போக நீ வர வேண்டும்.

நீ அந்த அறையை நிரப்பத் தொடங்கியது மூன்றாம் படிவம் படிக்கும்போது என்று நினைக்கிறேன். பழைய சாமான் சந்தைக்குப் போய்விட்டு சைக்கிள் பின்னால் ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவாய். பாடாத கேசட் பெட்டி, கூப்பிட யாரும் இல்லாத பேஜர், மூடி உடைந்த வாக்மேன், பச்சை எழுத்து மட்டும் காட்டும் கணினி, அதற்குள் நுழைக்கும் சதுர ஃபிளாப்பித் தட்டுகள். அப்பா பாசிர் கூடாங்கில் ஷிப்ட் முடிந்து வந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பிப்பார். "ஏன்டா, இது வீடா, பெசி புரோக் கடையா? போற போக்குல ஒரு நாளைக்கு என்னையும் துடைச்சு அலமாரியில வச்சிடுவ போல!" நீயும் விடமாட்டாய். "உங்க மாடலைத்தான் கம்பெனி எப்பவோ நிறுத்திட்டாங்களே பா, ஸ்பேர் பார்ட்டு கிடைக்காது லா" என்பாய். அவர் சிரித்துவிடுவார். நான் மட்டும் சிரித்ததில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நீ முடிவு செய்துகொண்டாய். அப்படி நினைத்துக்கொண்டேதான் நீ வளர்ந்தாய். நீ ஒரு பெட்டியின் மூடியைத் திறந்ததும் நான் எழுந்து போய்விடுவேன். பிறகு நீயே கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாய்.

ஒரு தீபாவளி விடுமுறையில் அந்தப் பச்சை எழுத்துக் கணினியை உயிர்ப்பித்துவிட்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாய். அது எழுந்திருக்கவே வெகுநேரம் ஆனது. உள்ளே கர், கர்ரென்று ஃபிளாப்பி சுற்றியது. பிறகு திரை முழுக்க என் பெயர், மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தது. "பாருங்கம்மா! இந்த மிஷின் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. ஆனா உங்க பேர் தெரியுது" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "கரண்டு பில்லு யார் கட்டுறது?" உனக்கு இது ஞாபகம் இருக்காது. எனக்கு ஞாபகம் இல்லாத நாளே இல்லை.

உன்னிடம் நான் பேக்டரி கதை எதுவும் சொன்னதில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி பேக்டரியில இருந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு ரெங்கம் தோட்டத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறினேன். என்னோடு ஏறியவள் புஷ்பா. பக்கத்து வீட்டுப் பெண், என் வயது. இரண்டு பேர் துணிக்கும் ஒரே பெட்டி. நாங்கள் சேர்ந்தது வீடியோ டெக் செய்யும் தொழிற்சாலை. ஊரில் ஒரு வீட்டில் டெக் இருந்தால் பக்கத்து வீடுகளெல்லாம் அங்கே கூடிப் படம் பார்த்த காலம் அது. அப்படிப்பட்ட சாமானைச் செய்யப் போகிறோம் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உள்ளே போன பிறகு முழு டெக்கை நாங்கள் பார்க்கவே இல்லை. எங்கள் முன்னால் வந்ததெல்லாம் ஒரு பச்சைப் பலகைதான், போர்டு. ஈயத் தொட்டியில் முங்கி எழுந்து வரும். அதன் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிக் கால்கள். இரண்டு கால்களுக்கு நடுவே முடி அளவுக்கு ஈயம் ஒட்டியிருந்தாலும் போச்சு. டெக் சூடானதும் படம் போய்விடும். விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தேடி, ஒட்டியிருந்தால் பிரித்துவிட்டு, பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆளுக்கொரு நிறம். என் நிறம் பச்சை. புஷ்பாவுக்கு நீலம்.

புஷ்பா இடது கைக்காரி. பலகை வலப்பக்கமிருந்து வரும். அவள் அவசரமாகப் புள்ளி வைத்துத் தள்ளும்போது பேனா கொஞ்சம் இழுபடும். அதனால் அவள் வைக்கும் புள்ளிக்கு எப்போதும் ஒரு சின்ன வால் இருக்கும். "என்னடி, இன்னைக்கும் தவளைக்குஞ்சு பொரிச்சிருக்க" என்று நான் கிண்டல் செய்வேன். "உன்னோடது மட்டும் என்ன, பொட்டு வச்ச மாதிரி. போர்டுக்குக் கல்யாணமா?" என்பாள். உண்மைதான். பலகையின் மூலையில் அச்சடித்த ஒரு சின்ன வட்டம் இருக்கும். நான் அதற்குள்ளேதான் வைப்பேன், உருண்டையாக, கோட்டைத் தொடாமல். எனக்கு அந்தப் புள்ளி ஒழுங்காக விழுந்தால் போதும். அவளுக்கு அப்படியில்லை. "இந்தத் துண்டு எங்கடி போயி படமாகுது? உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் டெஸ்ட் பிரிவுக்குப் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பாள். அங்கேதான் முழு டெக்கை ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் லைன் லீடர், காக் சோம் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அக்கா, அவள் ஆசையைக் கவனித்து, அந்தப் பிரிவில் வேலை பழகும் பெண்களில் அவள் பெயரையும் சேர்த்துவிட்டார். அன்றைக்கு ஆஸ்டலில் அவள் குதித்த குதி! "அலமாக், நான் மிஷினுக்குள்ள போகப் போறேன்டி!" என்று கட்டிலில் ஏறி ஆடினாள். தம்பி, நீ அந்தக் கணினியை உயிர்ப்பித்த நாளில் உன் முகத்தில் பார்த்தேனே ஒரு வெளிச்சம், அதை நான் அதற்கு முன்பு பார்த்தது அவளிடம்தான்.

எங்கள் லைனில் பேனா தீர்ந்தால் பழையதை ஸ்டோரில் கொடுத்துப் புதியது வாங்க வேண்டும். சாயங்காலம் ஸ்டோர் மூடிவிடும். அதற்குப் பிறகு தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் இரவல்தான். அடுத்தவர் பேனாவைத் தொடக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் தொட்டோம். ஒரு சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் அடித்தது. பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு மருந்தறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அன்றைக்கு புஷ்பாவின் பேனா தீர்ந்து, அவள் என் பேனாவை எடுத்திருக்கிறாள். அதை அவளே என்னிடம் சொன்னாள். நானும் சரி என்றேன். சில வாரம் கழித்து, விற்றுப்போன டெக்குகளில் கொஞ்சம் திரும்பி வந்தன. படம் சூட்டில் போய்விடுகிறதாம். காக் சோம் அவற்றின் பலகைகளைத் தட்டில் அடுக்கி எடுத்துவந்து எங்கள் நடுவில் வைத்தார். எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி. "இனி சியாப்பா பூஞா?" என்றார். இது யாருடையது? அவர் சத்தம் போடவில்லை. அதுவே எனக்கு அதிகப் பயமாக இருந்தது. வேலை போனால் என் அப்பா தோட்டத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்பதுதான் மனதில் ஓடியது. நிறத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். "நான் மருந்தறையில இருந்தப்ப இவதான் என் பேனாவை எடுத்தா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, தம்பி. எனக்கு அப்போது அது முழு உண்மை என்றே பட்டது. நான் வைத்த புள்ளிக்குக் கீழே பிழை இருக்காது என்று அவ்வளவு நம்பிக்கை எனக்கு. புஷ்பாவும் மறுக்கவில்லை. "எடுத்தேன் காக். ஆனா இதெல்லாம் நான் பார்த்த போர்டு இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்தாள். "கலரைப் பார்க்காதடி. புள்ளியைப் பாரு. வால் இருக்கான்னு பாரு. ஒரு தடவ குனிஞ்சு பாருடி!" தட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி எரிந்துகொண்டிருந்தது. நான் குனியவில்லை. "பாக்கறதுக்கு என்ன இருக்கு" என்று சொல்லிக் கையை உதறினேன். பேனாவை எடுத்ததை அவளே ஒப்புக்கொண்டது போதும் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்தார்கள். டெஸ்ட் பிரிவு போனது, வேலையும் போனது. அவள் பெட்டியில் என் துணி இருந்தது. அதையெல்லாம் மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் கல்யாணம்வரை அங்கேயே புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தொழிற்சாலை டெக் செய்வதை நிறுத்தியது, சி.டி. தட்டு போடும் பெட்டிக்கு மாறியது, அதையும் நிறுத்தியது. இப்போது அந்தக் கட்டடத்தில் பார்சல் அடுக்கி வைக்கிறார்கள்.

நீ அந்த வெள்ளி நிற டெக்கைக் கொண்டுவந்த நாளில் முகப்பில் இருந்த மாடல் எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாடலை நாங்கள் ஒரு மழைக்காலம் மட்டும்தான் ஓட்டினோம், காக் சோம் தட்டோடு வந்த அந்த மழைக்காலம். நீ கீழ்த்தகட்டைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நாள் முழுக்கக் கிண்டினாய். கடைசியில் ஒரு கத்தி முனையால் எதையோ சுரண்டினாய். படம் வந்தது, சூடான பிறகும் போகவில்லை. "கண்டுபிடிச்சுட்டேன்மா! ரெண்டு காலு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே பச்சைப் புள்ளி வேற! இந்தப் பச்சைப் புள்ளி அக்கா அன்னைக்கு நல்லா தூங்கிட்டாங்க லா" என்று சிரித்தாய். எனக்கு உள்ளே என்னவோ வெடித்தது. "யாரைப் பார்த்துடா தூங்கிட்டாங்கன்ற? வேலை செய்றவங்களைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? எடுத்துட்டுப் போ இந்தக் குப்பையை!" என்று கத்தினேன். நீ பயந்துபோய் என்னையே பார்த்தாய். டார்ச் இன்னும் உன் கையில் எரிந்துகொண்டிருந்தது. அது புஷ்பா செய்த பிழை, அதற்கும் நான்தான் பேச்சு வாங்க வேண்டுமா என்று எனக்குக் கோபம். உனக்கு அது எப்படித் தெரியும்? வேறொரு பெண்ணின் மேல் இருந்த கோபத்தை உன் மேல் கொட்டினேன். அந்த டெக்கை நீ அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டாய். பிறகு அதைத் தொடவே இல்லை.

உன் கல்யாணத்துக்கு முந்தின வருடம் கோலாலம்பூரிலிருந்து திரும்பி வரும்போது யோங் பெங்கில் நிறுத்தினோம், நினைவிருக்கிறதா? நீ இறங்கிப் போய் நாசி லெமாக் சோறு வாங்கினாய். நான் தலைவலி என்று வண்டியிலேயே இருந்துவிட்டேன். பொட்டலத்தோடு வந்து நீ சொன்னாய்: "அந்த ஆன்ட்டி இடது கையாலேயே என்ன ஸ்பீடா மடிக்கிறாங்கம்மா! எந்த ஊரு தம்பின்னு கேட்டாங்க, நல்லா பேசுறாங்க." ஒரு கடையின் முன்னால் குடை போட்ட மேசை. வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், புஷ்பாதான், தலை நரைத்திருந்தாலும் நிற்கும் விதம் மாறவில்லை. அவள் பக்கத்தில் ஒரு பழைய ரேடியோ, முதுகு திறந்தபடி. அதைத் தட்டிக்கொண்டே பொட்டலம் மடித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுகூட எனக்கு ஒரு வீம்பு இருந்தது. செய்தது அவள், வந்து பேச வேண்டியது அவள் என்று. நீ வாங்கிவந்ததை நான் சாப்பிடவில்லை.

நேற்று லோரி விஷயம் கேட்ட பிறகு உன் அறைக்குப் போனேன். எதற்கென்று தெரியாமல்தான் போனேன். அந்த டெக்கைத் தரையில் வைத்துத் திருப்பினேன். நீ கழற்றிய தகட்டுக்கு எப்போதும் ஒரே ஒரு திருகாணிதான் போடுவாய். உன் சோம்பேறித்தனம் எனக்கு உதவியது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் விளக்கைப் போட்டுக் குனிந்தேன். நீ சுரண்டிய கோடு இன்னும் பளபளக்கிறது. அதற்குப் பக்கத்தில், மூலையில், அச்சடித்த சின்ன வட்டத்துக்குள்ளே பச்சைப் புள்ளி. மை வெளுத்திருக்கிறது. உருண்டையாக இருக்கிறது. கோட்டைத் தொடவில்லை. வால் இல்லை.

நான் துணியால் துடைத்துப் பார்த்தேன், தம்பி. வால் அழிந்திருக்குமோ என்று. என்ன மனசு பார் எனக்கு. இத்தனைக்கும் பிறகு வால் ஒன்று இருக்காதா என்று தேடுகிறேன். இது காக் சோம் கொண்டுவந்த தட்டில் இருந்த பலகை இல்லை. அவை எல்லாம் எங்கே போயினவோ. அவற்றில் யார் வைத்த புள்ளி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இது நான் பார்த்து, சரி என்று புள்ளி வைத்துத் தள்ளிய பலகை. அதே மாடல், அதே பிழை. அன்றைக்கு நான் ஒருமுறை குனிந்திருந்தால் போதும். வால் இருந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நான் பார்த்தேன் என்றாவது அவளுக்கு இருந்திருக்கும். மிஷினுக்குள்ளே போகப் போகிறேன் என்று கட்டிலில் ஆடியவளை நான் கையை உதறி வெளியே அனுப்பினேன். நீ சொன்னது சரிதான். பச்சைப் புள்ளி அக்கா தூங்கித்தான் போயிருந்தாள். எவ்வளவு காலம் தூங்கினாள் என்பதுதான் உனக்குத் தெரியாது.

நீ தூர தேசம் போகிறாய். அங்கே குளிருக்கு என்ன போடுவது, யாரோடு எப்படிப் பழகுவது என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். உன் வேலையில் நீ கெட்டிக்காரனாகத்தான் இருப்பாய். என் கை தப்பு செய்யாது என்று உனக்கு எப்போதாவது தோன்றும்போது கொஞ்சம் பயப்படு. உன்னோடு இருப்பவள் "ஒரு தடவை பாரேன்" என்று கேட்டால், கோபமாக இருந்தாலும் குனிந்து பார். பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. பார்க்காமல் விட்டதுதான் இழுத்துக்கொண்டே போகிறது. உனக்குப் பிறக்கும் பிள்ளை எதையாவது பிரித்துப் போட்டுவிட்டு உன்னைக் கையைப் பிடித்து இழுத்தால், கரண்டு பில்லைப் பற்றிப் பேசாதே.

வெள்ளிக்கிழமை நீ லீவு போட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து சீக்கிரம் பாலம் தாண்டி வா. அப்பாவுக்கும் இந்தக் கதை தெரியாது, அவரிடம் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வோம். வேண்டாம், உண்மையையே சொல்லிவிடுவோம். டெக்கை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். யோங் பெங் போய்ச் சேரும்வரை நீ என்னிடம் எதுவும் கேட்காதே, நான் திரும்பிப் போகலாம் என்று சொன்னாலும் வண்டியைத் திருப்பாதே. அவள் என்னை அடையாளம் காணலாம், காணாமலும் போகலாம். முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்லலாம். அப்படிச் சொன்னால் நீ குறுக்கே பேசக் கூடாது. உன் சின்னத் திருப்புளியை மறக்காமல் எடுத்துவா. கீழ்த்தகட்டை நீயும் திறக்காதே, நானும் திறக்கப் போவதில்லை. அவளிடமே கொடுத்துவிடுவோம். அவள் திறக்கட்டும். இந்த முறை நான் பக்கத்தில் குனிந்து நிற்கிறேன்.

அம்மா